ஆர்மோனியக்காரர்கள் – 14: சிங்காநல்லூரில் பிறந்த மெட்டு

சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் மறைந்த பின், அவர் எழுதிய இசைநாடகங்களை ஊர் ஊராகக் கொண்டுசென்ற பாய்ஸ் கம்பெனிகள், அதாவது சிறுவர்களையே எல்லா வேடங்களுக்கும் பழக்கி, உண்ண உணவும் தங்க இடமும் தந்து வைத்திருந்த நாடகக் குழுக்கள், 1931-இல் பேசும் படம் வந்த பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்த வரலாறு முந்தைய பகுதிகளில் கூறப்பட்டது. அக்குழுக்களில் வளர்ந்த நடிகர்கள் திரைக்குப் போன வழியைத் தமிழ்நாடு நன்கறியும்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஆர்மோனியக்காரர் எந்த வழியாகப் போனார் என்பது அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. அவர்களில் மிக முக்கியமான ஒருவரின் பாதை கோயம்புத்தூரை வந்தடைந்தது. அவர் பெயர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு.

1914-இல் திருநெல்வேலிச் சீமையின் கடையநல்லூரில் பிறந்து, சிறுவயதிலேயே ஜெகந்நாத ஐயரின் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, அங்கேயே ஆர்மோனியம் பழகிய இவர், கோவையின் ஸ்டுடியோக்களில் செய்த பணியில் ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியே இப்பகுதியின் நடுப்பொருள். அதற்கு முன்பாக, ஆர்மோனியக்காரர் என்பவர் உண்மையில் என்ன வேலை செய்தார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

*

கோலில்லாத நடத்துநர்

மேற்கத்திய இசையரங்கில் வாத்தியக்காரர்களுக்கு எதிரே நின்று, கையில் சிறு கோலேந்தி, எப்போது தொடங்குவது, எவ்வளவு விரைவாகச் செல்வது, யார் எந்த இடத்தில் ஒலிப்பது என்பவற்றை ஆணையிடுபவரை இசை நடத்துநர் என்பர். தமிழ் இசைநாடகத்தில் அப்பெயரில் எவரும் இருந்ததில்லை. அந்த வேலை மட்டும் முழுமையாக இருந்தது.

திரை உயர்வதற்கு முன்பே சுருதி நிறுத்தி அரங்கை அடக்குபவர் ஆர்மோனியக்காரர். ராஜபார்ட் எனப்படும் கதாநாயக வேடக்காரர் தர்க்கப் பாட்டில் எதிராளியை மடக்கும்போது தாளத்தை இறுக்கிப் பிடிப்பவரும், வேடம் மாற்ற நேரமானால் ஒரு பல்லவியை நான்கு முறை திருப்பி வாசித்து அரங்கை அலுக்காமல் வைத்திருப்பவரும், வசனம் மறந்து திகைக்கும் சிறுவனுக்கு அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தைத் தொட்டுக் காட்டி நினைவூட்டுபவரும் அவரே. நடிகர் பாடி விட்ட அடியைப் பின்னிருந்து தொடர்ந்து பாடும் ‘பின்பாட்டு’ என்ற பொறுப்பும் பெரும்பாலும் அவரைச் சேர்ந்ததாகவே இருந்தது.

எஸ்.ஜி.கிட்டப்பாவின் மேடைப் புகழுக்குப் பின்னால் அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியம் இருந்ததை அக்காலத்து ரசிகர்கள் அறிந்திருந்தனர். அந்தக் கிட்டப்பாவுக்கு இணையாக நின்று பாடிய கே.பி.சுந்தராம்பாள் காவிரிக்கரைக் கொடுமுடியைச் சேர்ந்தவர் என்பதைக் கொங்கு நாட்டார் இன்றும் பெருமையோடு சொல்வதுண்டு.

பாய்ஸ் கம்பெனியில் ஆர்மோனியக்காரருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. அது சற்றுக் கொடுமையானது. ஐந்து கட்டையில், அதாவது மிக உயர்ந்த சுருதியில், பெண்வேடப் பாடல்களைப் பாடிவந்த சிறுவனுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும். இதைக் கம்பெனிக்காரர்கள் ‘மகரக்கட்டு’ என்று குறிப்பிட்டார்கள். ஒரு நாள் இரவில் மேல் ஸ்தாயி எட்டவில்லை என்பதை முதலில் கண்டுகொள்வது பெட்டியின் முன் இருந்தவர்தான். சுருதியைச் சத்தமின்றிக் குறைத்துச் சில வாரங்கள் அச்சிறுவனைக் காப்பதும், இனி முடியாது என்று வாத்தியாரிடம் சொல்வதும் அவர் கையில் இருந்தன. ஒரு குரல் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற கணக்கு இவ்வாறுதான் ஆர்மோனியக்காரர்களின் காதில் படிந்தது. பின்னாளில் திரைப்பாடகர்களைத் தேர்ந்தெடுத்தபோது சுப்பையா நாயுடு பயன்படுத்தியது இந்தக் கணக்கையே எனக் கொள்ளலாம்.

கற்றோர் அவையில் இக்கருவிக்கு மதிப்பிருந்ததா என்றால், இல்லை. ஸ்வரங்களுக்கு இடையே இழைந்து செல்லும் கமகத்தை அதன் கட்டைகளால் காட்ட முடியாது என்ற காரணத்தை முன்வைத்து அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது; அத்தடை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. வானொலி நிலையத்துக்குள் நுழைய இடமில்லாமல் போன அதே ஆண்டுகளில், கோவையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் அப்பெட்டியே அதிகார பீடமாக இருந்தது.

உலகின் வேறொரு மூலையிலும் இத்தகைய மனிதர்கள் இருந்தார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷ், ஜெர்மன் மொழிக்கு உறவுடையது, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. அம்மொழியில் தொழில்முறை நாடகத்தை 1876-இல் ருமேனியாவின் யாஷ் நகரில் தொடங்கிய ஆபிரகாம் கோல்ட்ஃபாடனும் நம் சங்கரதாஸ் சுவாமிகளைப் போலவே நாடகத்தையும் பாட்டையும் சேர்த்தே எழுதியவர். அவருக்கு அடுத்த தலைமுறையில் வந்த ஜோசப் ரும்ஷின்ஸ்கி, தொழுகைக்கூடப் பாடகர்களோடு ஊர் சுற்றிய சிறுவர் குழுப் பாடகராகத் தொடங்கி, 1904-இல் அமெரிக்கா சேர்ந்து, நியூயார்க்கின் யிட்டிஷ் அரங்குகளுக்கு முழு வாத்தியக்குழுவைக் கொண்டுவந்த நடத்துநராக உயர்ந்தார். இன்று அதே நகரில் சால்மன் ம்லோடெக் என்ற நடத்துநர், 1915-இல் தோன்றிய ஃபோக்ஸ்பீனே என்னும் யிட்டிஷ் நாடக நிறுவனத்தின் கலை இயக்குநராக அந்த மரபைப் பேணிவருகிறார். அவர்களுக்கு வாய்த்த ஒன்று நம் ஆர்மோனியக்காரர்களுக்கு வாய்க்கவில்லை. நடத்துநர் என்ற பெயர் அங்கே சுவரொட்டியில் அச்சானது. இங்கே ராஜபார்ட்டின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘ஆர்மோனியம்’ என்று வந்தால் அதுவே பெரிது.

*

பஞ்சாலைப் பணமும் பைகாரா மின்சாரமும்

கோயம்புத்தூர் ஏன்? இக்கேள்விக்கு இசையில் விடை தேடினால் பாதிதான் கிடைக்கும்.

இசைக்கும் கூத்துக்கும் இப்பகுதியில் குறைவில்லைதான். அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகக் கேட்டுப் பழகிய குடியானவர்களும், காரமடை அரங்கநாதர் கோயிலின் மாசித் தேருக்கும் அதையொட்டி நடக்கும் பந்த சேவைக்கும் தண்ணீர் சேவைக்கும் வண்டி கட்டி வந்து நாட்கணக்கில் தங்கும் கூட்டமும், கதையும் பாட்டும் கலந்த நீண்ட இரவுகளுக்குப் பொறுமையுள்ள ரசிகர்களாக இருந்தனர். நாடகக் கம்பெனிகள் ‘கேம்ப்’ போடும் ஊர்களைத் தேர்ந்தபோது அறுவடையையும் தேர்த்திருவிழாக்களையும் கணக்கில் கொண்டே தேர்ந்தன.

ஆயினும் கலையார்வம் ஸ்டுடியோ கட்டித் தராது. அதற்கு மின்சாரமும் முதலும் வேண்டும்.

1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைகாரா நீர்மின்சாரம் சமவெளிக்கு வந்ததும் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. ஆலைகளில் சேர்ந்த பணத்தின் ஒரு பகுதி புதிய தொழில்களைத் தேடியது. டூரிங் சினிமாவில் ஊர் ஊராகச் சுற்றிப் பொருளீட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இலேயே இந்நகரில் வெரைட்டி ஹாலைக் கட்டி, படம் பார்க்கும் பழக்கத்தை நிலைநிறுத்தியிருந்தார். அந்தச் சாலை இன்றும் அவ்வரங்கின் பெயராலேயே வழங்குகிறது. இவையெல்லாம் ஒன்றுசேர்ந்த இடத்தில், பி.ரங்கசாமி நாயுடு போன்ற ஆலைத்துறையினர் முன்னின்று, 1930-களின் நடுவில் திருச்சிச் சாலையில் சிங்காநல்லூரை ஒட்டிச் சென்ட்ரல் ஸ்டுடியோவை எழுப்பினர். முசிறி சுப்பிரமணிய ஐயர் நடித்த துக்காராம் (1938) அங்கிருந்து வந்தது. அதன்பின் புலியகுளம் பக்கத்தில் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவும் உருவாகி, கோவை சென்னைக்கு நிகரான படத் தலைநகராயிற்று.

சென்ட்ரல் ஸ்டுடியோவைத் தன் இருப்பிடமாக்கிக்கொண்ட படநிறுவனங்களுள் முதன்மையானது, எம்.சோமசுந்தரமும் எஸ்.கே.மொகிதீனும் நடத்திய ஜூபிடர் பிக்சர்ஸ். நடிகர்கள், எழுத்தாளர்கள், வாத்தியக்காரர்கள், எடுபிடிகள் அனைவரும் மாதச் சம்பளத்தில் இருந்தார்கள். காலையில் ஒத்திகை, மாலையில் பாட்டுப் பயிற்சி. இளையவன் மூத்தவருக்குக் காபி வாங்கிவருவான், மூத்தவர் மனம் இருந்தால் ஒரு நுட்பத்தைச் சொல்லிக்கொடுப்பார். கூரை மாறியது, ஒழுங்கு மாறவில்லை. பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆரும் டி.எஸ்.பாலையாவும் சுப்பையா நாயுடுவும் அங்கே அந்நியமாக உணர்ந்திருக்கக் காரணமே இல்லை.

*

ஒற்றை மைக்கின் முன்

திரைக்கு வந்த ஆர்மோனியக்காரர் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது ஒன்றுண்டு. அதுவரை அவருடைய தொழில் ஒலியைப் பெருக்கும் தொழில். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் பாட்டு எட்ட வேண்டும் என்பதற்காகவே உயர்ந்த சுருதியும் அழுத்தமான பெட்டி வாசிப்பும் வளர்ந்தன.

ஒலிப்பதிவுக் கூடத்தில் நிலைமை தலைகீழ். பாட்டின் ஒலி, ஒளிக்கோடாக மாறிப் படச்சுருளிலேயே பதியும் அக்கால முறையில், பாடகரும் வாத்தியக்காரரும் ஒரே நேரத்தில் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். பிறகு தனியே ஒட்டவோ திருத்தவோ வழியில்லை. மைக்குக்கு அருகில் பாடகர், சற்றுத் தள்ளிப் புல்லாங்குழல், அதற்கும் பின்னால் வயலின்கள், மூலையில் தபலா என்று ஆட்களை நிறுத்தும் தொலைவைக் கொண்டே ஒலியின் அளவுகள் முடிவாயின. எவரேனும் ஒருவர் தவறினால் அதுவரை ஓடிய சுருள் வீண்.

சுருளோ அப்போது பொன்னுக்கு நிகர். இரண்டாம் உலகப் போர் காரணமாகக் கச்சா பிலிம் வரத்துச் சுருங்கியதால், 1942-இல் அரசு ஒரு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் கட்டுப்படுத்தியது. நாடகத்தை அப்படியே படம்பிடித்து, நாற்பது ஐம்பது பாடல்கள் வரை அடுக்கிய 1930-களின் வழக்கம் ஏற்கெனவே குறைந்துவந்தது. இந்தக் கட்டுப்பாடு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. பாடல்கள் எண்ணிக்கையில் குறைந்தன, ஒவ்வொன்றும் நீளத்தில் சுருங்கின. ராக ஆலாபனைக்குச் செலவிட்ட அடிகளை இனி வாத்தியக்குழுவின் முன்னிசையும் இடையிசையும் பங்கிட்டுக்கொண்டன. தமிழ்த் திரையிசையின் வடிவ மாற்றத்துக்கு இசையறிஞர்களின் கொள்கைகளைக் காட்டிலும் இந்த அடிக்கணக்கே கூடுதல் காரணம் என்று சொல்வது மிகையாகாது.

பின்னணி பாடும் முறை 1938-இல் நந்தகுமார் படத்திலேயே தமிழுக்கு வந்துவிட்டபோதிலும், பாடத் தெரிந்தவரே நாயகர் என்ற மேடை விதி உடனே சாகவில்லை. அதைக் கோவையில் உடைத்த படம் ராஜகுமாரி (1947). ஏ.எஸ்.ஏ.சாமி இயக்கிய அப்படத்தில் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதாநாயகனானார், அவருக்காக எம்.எம்.மாரியப்பா பாடினார், பாடல்களை எழுதியவர் உடுமலை நாராயணகவி, வசனத்துக்கு உதவியவராகத் திரையில் பெயர் வந்த இளைஞர் மு.கருணாநிதி; இசை, சுப்பையா நாயுடு. நாயகனின் உடலையும் அவன் குரலையும் வெவ்வேறு ஆட்களிடமிருந்து எடுத்துப் பொருத்தும் பொறுப்பு அன்றிலிருந்து இசையமைப்பாளருடையதாயிற்று.

இரண்டாண்டு கழித்து வந்த வேலைக்காரி (1949) பழைய விதியை ஒருமுறை மீட்டெடுத்தது. அண்ணாதுரையின் நாடகத்தை மேடையில் நடித்துப் புகழ்பெற்ற கே.ஆர்.ராமசாமியே படத்திலும் நடித்தார், தம் பாட்டைத் தாமே பாடினார். இரண்டு முறைகளும் ஒரே கூடத்தில், ஒரே இசையமைப்பாளரின் கையில், ஏறத்தாழ ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பது கருதத்தக்கது.

*

அபிமன்யு: இரண்டு மறைந்த கைகள்

இவ்விரண்டு படங்களுக்கும் நடுவே, 1948-இல், ஜூபிடர் எடுத்த படம் அபிமன்யு. மகாபாரதக் கதை, எஸ்.எம்.குமரேசன் அபிமன்யுவாகவும் எம்.ஜி.ஆர். அர்ச்சுனனாகவும் நடித்தார்கள். இசை, சுப்பையா நாயுடுவும் சி.ஆர்.சுப்பராமனும்.

அப்படத்தில் ஒரு காதல் பாட்டுக்கு மெட்டு அமையவில்லை. பாட்டுக்கு மெட்டமைப்பது நாடக மரபில் பெரும்பாலும் வர்ணமெட்டு முறையில் நடந்தது; முன்பே வழக்கிலுள்ள ஒரு பாட்டின் அச்சில் புதிய சொற்களைப் பொருத்துவதற்கு அப்பெயர். சொல்லை முன்னே வைத்து, அதன் உணர்ச்சிக்கேற்பப் புதிய மெட்டைத் தேடுவது அதனினும் கடினமானது. சுப்பையா நாயுடு பல மெட்டுகளைப் போட்டுப் பார்த்தார். எதிலும் மனம் நிறையவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

அந்தக் கூடத்தில் எடுபிடியாக ஓர் இளைஞர் இருந்தார். பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்து, கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, நடிக்கும் ஆசையோடு அலைந்து, ஜூபிடரில் சிறு வேலைக்குச் சேர்ந்தவர். வாத்தியக்காரர்களுக்கு வேண்டியதை வாங்கிவந்து கொடுப்பதும் பெட்டியைத் துடைத்து வைப்பதும் அவருடைய வேலைகள். பெயர் எம்.எஸ்.விஸ்வநாதன்.

ஆளில்லாத அறையில் விஸ்வநாதன் பெட்டியின் முன் அமர்ந்து, அந்தப் பாட்டுக்குத் தம் மனத்தில் தோன்றிய மெட்டை வாசித்துப் பாடினார். திரும்பிவந்த சுப்பையா நாயுடு அதைக் கேட்டுவிட்டார்.

கம்பெனி ஒழுங்கில் இது சிறிய குற்றமன்று. குருவின் பெட்டியை அனுமதியின்றித் தொடுவதே பிழை; அவருக்கு வராத மெட்டைச் சீடன் போடுவது அதனினும் பெரிய பிழை. அடி விழும் என்று அந்த இளைஞர் எதிர்பார்த்திருந்தால் வியப்பில்லை.

அடி விழவில்லை. அந்த மெட்டே படத்தில் இடம்பெற்றது. திருச்சி லோகநாதனும், கொடுமுடிக்குப் பக்கத்து ஊஞ்சலூரைச் சேர்ந்த யு.ஆர்.ஜீவரத்தினமும் பாடிய அப்பாடல் படத்தின் பாடல்களுள் மிகுதியும் விரும்பப்பட்டதாயிற்று. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. மெட்டு தன்னுடையது என்பதை விஸ்வநாதன் எவரிடமும் சொல்லக்கூடாது. எடுபிடிப் பையன் போட்ட மெட்டு என்று தெரிந்தால் முதலாளிகள் அதை ஏற்க மாட்டார்கள் என்பது சுப்பையா நாயுடு கூறிய காரணம். பெரும்புகழ் பெற்ற பிறகும் விஸ்வநாதனே இந்நிகழ்ச்சியைப் பலமுறை, ஒவ்வொரு முறையும் நன்றியோடு, எடுத்துரைத்திருக்கிறார்.

இதே படத்தில் மறைந்துபோன இன்னொரு கையும் உண்டு. அபிமன்யுவுக்கு வசனம் எழுதியவர் கருணாநிதி; திரையில் அவர் பெயர் வரவில்லை. அந்த மனத்தாங்கலோடு அவர் கோவையை விட்டுத் திருவாரூருக்குத் திரும்பினார். ஒரே கூரையின் கீழ், ஒரே படத்தில், சொல்லுக்கும் இசைக்கும் உரியவர் இருவர் பெயரின்றி நின்றார்கள். ஒருவர் வெளியேறினார், மற்றவர் அங்கேயே இருந்தார்.

இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியாகாது. எழுத்தாளருக்குப் பெயரே முதல். பத்திரிகையிலும் மேடையிலும் தம் பெயரால் அறியப்பட்டு வந்தவர் அதை இழக்கச் சம்மதிப்பது அரிது. இசைநாடக மரபிலோ சீடனின் மெட்டு வாத்தியாரின் மெட்டாகவே வெளிப்படும். வாத்தியார் அதற்கு ஈடாகச் சோறும் வித்தையும் பாதுகாப்பும் தருவார் என்பது எழுதப்படாத உடன்படிக்கை. இன்றைய பதிப்புரிமைக் கண்ணோட்டத்தில் இதைச் சுரண்டல் என்று சொல்லிவிடலாம். அச்சொல் முழுப் பொய்யுமன்று. நியூயார்க்கின் யிட்டிஷ் அரங்கில் ஷோலம் செகுண்டா 1932-இல் இசையமைத்த ஒரு பாட்டின் உரிமையை 1937-இல், பாடலாசிரியரோடு சேர்ந்து, வெறும் 30 டாலருக்கு விற்றுவிட, ஆங்கிலச் சொற்களோடு அது உலகமெங்கும் பாடப்பட்டுப் பிறருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்த வரலாறு இசையுலகம் அறிந்தது. அங்கே காகித ஒப்பந்தம் இருந்தும் படைத்தவர் ஏமாந்தார்.

சிங்காநல்லூரில் காகிதம் எதுவுமில்லை. இருந்தது ஒருவரின் வாய்ச்சொல் மட்டும். அச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பது சில ஆண்டுகளில் தெரியவந்தது.

*

கூடாரம் கலைந்த நாள்

1950-இல் வந்த கிருஷ்ண விஜயம் படத்தின் வாயிலாக, மதுரையிலிருந்து வந்த டி.எம்.சௌந்தரராஜன் என்ற இளைஞரைச் சுப்பையா நாயுடு திரைக்கு அறிமுகப்படுத்தினார். தியாகராஜ பாகவதரைப் போலவே பாடிய அந்தக் குரலில் பாகவதர் அல்லாத வேறொன்றும் இருக்கிறது என்று அப்போது எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும் என்பது ஐயத்துக்குரியது.

ஆனால் கோவையின் நல்லகாலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. படத்தொழிலுக்கு வேண்டிய ஆய்வுக்கூடங்கள், விநியோகஸ்தர்கள், நடிகர்கள், வட இந்தியாவோடு வணிகத் தொடர்பு அனைத்தும் சென்னையில் குவிந்தன. ஆலை முதலுக்கு ஆலையிலேயே உறுதியான வருவாய் இருந்தது. ஜூபிடர் நிறுவனம் சென்னை அடையாற்றிலிருந்த நெப்டியூன் ஸ்டுடியோவுக்குத் தன் பணிகளை மாற்றிக்கொள்ள முடிவு செய்தது.

மாதச் சம்பளக்காரர்கள் விடுவிக்கப்பட்டனர். நாடகக் கம்பெனி ஓர் ஊரில் கலையும்போது நடப்பதுதான் இங்கும் நடந்தது. பெரியவர்களுக்கு வேறிடம் கிடைக்கும். எடுபிடிகள் நடுத்தெருவில் நிற்பார்கள். விஸ்வநாதனின் பெயரும் விடுவிக்கப்பட்டோர் வரிசையில் இருந்தது.

அப்போதுதான் சுப்பையா நாயுடு தம் நிபந்தனையைத் தாமே உடைத்தார்.

அபிமன்யுவில் புகழ்பெற்ற அந்தப் பாட்டின் மெட்டு தம்முடையதன்று, இந்தப் பையனுடையது என்றும், இவனை விட்டுவிடாமல் சென்னைக்கு அழைத்துச்செல்ல வேண்டும் என்றும் ஜூபிடர் முதலாளியிடம் அவர் கூறினார். வேலை முடிந்து, கணக்குத் தீர்த்து, இனித் தமக்கு அந்த நிறுவனத்தில் நிலையான இடமில்லை என்ற நேரத்தில் ஓர் இசையமைப்பாளர் தம் புகழின் ஒரு பகுதியைத் தாமே கழித்துக்கொண்டார். அதனால் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆதாயம் எதுவுமில்லை.

விஸ்வநாதன் சென்னை சேர்ந்தார், சி.ஆர்.சுப்பராமனின் குழுவில் இடம்பெற்றார். அங்கே வயலின் வாசித்துக்கொண்டிருந்த டி.கே.ராமமூர்த்தியோடு நெருங்கினார். 1952-இல் சுப்பராமன் இளவயதிலேயே மறைய, முடிவுறாத அவருடைய படங்களை இவ்விருவரும் முடித்துக்கொடுத்து, அவ்வாண்டே பணம் படத்தில் இரட்டையராக வெளிப்பட்டனர்.

*

தங்கிவிட்டவர்

சீடன் சென்னைக்குப் போக, குரு கோவையிலேயே நிலைத்தார். ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் ஏழை படும் பாடு (1950) படத்துக்கு ஏற்கெனவே அவர்தான் இசையமைத்திருந்தார். விக்டர் ஹியூகோவின் பிரெஞ்சு நாவலைத் தழுவிய கதைக்கு, ராஜபார்ட்டுகளின் மேடையில் தேர்ந்த ஒருவர் இசை தந்தது விந்தையாகத் தோன்றலாம். துன்பத்தைப் பாட்டாக்கும் பயிற்சி அரிச்சந்திர மயான காண்டத்தில் கிடைத்ததைப் போல வேறெங்கும் கிடைக்காது என்பதை நினைத்தால் விந்தை நீங்கும்.

பிறகு வந்தது மலைக்கள்ளன் (1954). நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளையின் நாவல், கருணாநிதியின் வசனம், எம்.ஜி.ஆரின் நடிப்பு. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப்படம் அதுவே. அதே கதையை ஸ்ரீராமுலு நாயுடு தெலுங்கு, இந்தி, மலையாளம், கன்னடம், சிங்களம் ஆகிய மொழிகளிலும் எடுத்தார். அபிமன்யுவில் பெயரின்றி வெளியேறிய எழுத்தாளர் இப்போது பெயரோடு திரும்பியிருந்தார்.

இசையைப் பொறுத்தவரை, எம்.ஜி.ஆரின் உருவத்துக்கு டி.எம்.சௌந்தரராஜனின் குரல் எவ்வளவு பொருந்தும் என்பதை நாடறியச் செய்தது இப்படம். சமுதாயத்தின் குறைகளைச் சாடி நாயகன் நேரே மக்களை நோக்கிப் பாடும் பாட்டுக்கு இதில் ஒரு முன்மாதிரியும் உருவாயிற்று. ராஜபார்ட் நடிகர் கதையைச் சற்றே நிறுத்திவிட்டு அரங்கினரை நோக்கிப் பாடும் பழைய மேடை வழக்கத்தின் மறுபிறப்பு இது. தேசியப் போராட்டக் காலத்தில் நாடக மேடைகளில் முழங்கிய பாட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் இதன் கால்வழி தெளிவாகப் புலப்படும். அந்த வழக்கத்தைச் சிறுவயதிலிருந்து பெட்டியின் முன்னிருந்து பார்த்தவர் அதற்கு இசையமைத்தார். பின்னாளில் ஓர் அரசியல் இயக்கத்துக்கே குரலாகப் போகும் பாடல் வகை இவ்வாறு கோவைக் கூடமொன்றில் வடிவு கொண்டது.

மலைக்கள்ளனின் வெற்றியும் கோவையின் சரிவைத் தடுக்கவில்லை. சென்ட்ரல் ஸ்டுடியோவின் கூடங்கள் ஒவ்வொன்றாக அமைதியாயின. 1956-இல் எம்.ஜி.ஆரின் மதுரை வீரனுக்கு ஜி.ராமநாதனும் தாய்க்குப்பின் தாரத்துக்குக் கே.வி.மகாதேவனும் இசையமைத்தனர், 1957-இல் அவருடைய மகாதேவிக்கு இசை தந்தவர்கள் விஸ்வநாதன்–ராமமூர்த்தி. கோவையின் பழைய எடுபிடிப் பையன் இப்போது நாட்டின் முன்னணி நாயகனுக்கு மெட்டமைத்தார்.

இந்நிலையில் எம்.ஜி.ஆர். தம் பொருளனைத்தையும் ஈடாக வைத்து, தாமே தயாரித்து, இரட்டை வேடம் பூண்டு, முதன்முறையாகத் தாமே இயக்கவும் துணிந்த படம் நாடோடி மன்னன். வென்றால் மன்னன், தோற்றால் நாடோடி என்று அவரே சொன்னதாக வழங்கும் அப்படத்துக்குச் சென்னையின் புகழ்மிக்க எந்த இசையமைப்பாளரையும் அழைக்க அவருக்குத் தடையில்லை. அவர் அழைத்தது சுப்பையா நாயுடுவை.

பத்தாண்டுக்கு முன் சிங்காநல்லூரில் ஒன்றாக மாதச் சம்பளம் வாங்கிய நட்பு மட்டுமா அதற்குக் காரணம்? பல பாடலாசிரியர்கள் எழுதிய, ஒன்றுக்கொன்று தன்மை மாறுபட்ட பாடல்களை ஒரே நாடகமாகக் கட்டி நிறுத்த, பாய்ஸ் கம்பெனி ஆர்மோனியக்காரர் ஒருவரால்தான் முடியும் என்று பாய்ஸ் கம்பெனி நடிகர் ஒருவர் கணக்கிட்டாரா?

(தொடரும்)